காற்று நான்தான்

திரைக்குப் பின்னால் காற்று நான்தான்.
ஒரு தகரத் தகடு, இரண்டு கைப்பிடி.
ஆட்டினால் சுப்பீரியர் ஏரியின்மேல் வாடை கிளம்பும்.
தோல்பையில் கட்டிய சோளமாவைப் பிசைந்தால்
உறைபனியில் நடக்கிற காலடி.
வடபுலத்தின் மொத்தப் பனிக்கும் எங்கள் செலவு
இரண்டே கால் டாலர்.

வெளியே அசல் குளிர், இலவசம்,
மைனஸ் முப்பத்தொன்று.
தண்டர் பே நூலகத்தின் கீழ்த்தளத்தில்
அறுபது நாற்காலி, நாற்பத்தாறு பேர்,
கோட்டுகளிலிருந்து சொட்டும் நீர்.

ஹெல்வி லெஹ்தினன் மேடைக்கு வருகிறாள்.
மேடை என்பது ஒரு கம்பளம்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.
கவிழ்த்த நாற்காலி சறுக்குவண்டி,
தோளிலிருந்து உருவிய சால்வை ஏழு நாய்கள்.
தலைநாயின் பெயர் நிக்கல்.
"மூட்டை போய்ச் சேரணும்" என்கிறாள்,
அவ்வளவுதான்,
தாடி முளைத்துவிடுகிறது அவளுக்கு.
நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய தபால்காரன்
எச்சில் துப்ப, அது தரை தொடுமுன் உறைந்து
டிக் என்கிறது.
அந்த டிக், என் நகமும் ஒரு தேநீர்க் கோப்பையும்.

பதினோராவது முறை இது. எனக்கு எல்லாம் தெரியும்.
எந்த மரத்தடியில் ஓநாய் உட்கார்ந்திருக்கும்,
எந்த வரியில் முன்வரிசை மூச்சுவிட மறக்கும்.
ஏரியின் நடுவில் பனிப்பாளம் பிளக்கும்.
நிக்கல் விழும்.
தபால்காரன் வாரைப் பிடித்து இழுப்பான், இழுப்பான்,
கடிதமா நாயா என்று ஒரு கணம்,
அப்புறம் கை தளரும்.
அதற்கென்றே என்னிடம் ஒரு கட்டு செலரித்தண்டு.
முறித்தால் அசல் ஏரி தோற்கும்.

வழக்கம்போலக் கயிற்றின் மறுமுனையைக்
கூட்டத்துக்குள் வீசினாள் ஹெல்வி.
பிடித்துக்கொண்டது ஒரு சிறுமி.
ஆறு வயதிருக்கும், ஒரு கையில் மட்டும் கையுறை.

"வார் நழுவுகிறது" என்றாள் ஹெல்வி.
நழுவவில்லை.
"நழுவுகிறது..."
முன் நாற்காலியின் காலில் பூட்ஸை முட்டுக்கொடுத்தாள் சிறுமி.
உடும்புப்பிடி.
"ஓடெட், விடு" என்று அம்மா பல்லுக்குள் சொன்னாள்.
"விட்டால் நாய் செத்துப்போகும்" என்றாள் ஓடெட்,
கிசுகிசுக்காமல்.

பக்கத்தில், பனிவாரி வண்டி ஓட்டுகிற ஒருத்தன்,
ஒளிரும் மேலங்கியைக்கூடக் கழற்றாதவன்,
தொண்டையைச் செருமிக்கொண்டு
கயிற்றில் ஒரு கை வைத்தான்.
பிறகு அவனுக்குப் பின்னால் இருந்தவள்.

கயிறு விறைத்தது.
ஹெல்வி திரைப்பக்கம் திரும்பினாள்.
பதினோரு காட்சியில் முதன்முறை
தபால்காரன் என்னைப் பார்க்கிறான்.
தாடி இல்லை. பேருந்து ஓட்டுகிறவளின் கண்கள்,
சாலையில் ஏதோ குறுக்கே பாய்ந்த மாதிரி.

என் கையில் செலரி.
முறித்தால் கதை உள்ளபடி முடியும்,
நாற்பத்தாறு பேருக்கும்
வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு துக்கம் கிடைக்கும்.
நல்ல முடிவுதான் அது. பொய் சொல்லவில்லை,
பத்து முறையும் முறித்துவிட்டுக் கண் துடைத்தவன் நான்.

கீழே வைத்தேன்.
தகரத்தையும் நிறுத்தினேன்.
காற்று நின்ற ஏரியில்
என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.
சோளமாவை எடுத்தேன்.
நான்கு கால், ஈரமாய், தள்ளாடி,
கரையேறும் நாய்.
அப்புறம் ஒத்திகையே இல்லாமல்
என் தலையைச் சிலுப்பினேன், உதடு படபடக்க.

ஹெல்வி முகத்தில் தெறித்த நீரைத் துடைத்தாள்.
நீர் இல்லை. துடைத்தாள்.
ஓடெட்டை மட்டும் பார்த்துச் சொன்னாள்:
மூட்டை மூழ்கிவிட்டது.
பதின்மூன்று கடிதம்,
அதில் ஒன்று, கல்யாணத்துக்குச் சம்மதம் என்று எழுதியது.
எதுவும் போய்ச் சேரவில்லை.
ஓடெட் கொஞ்சம் யோசித்துத்
தலையாட்டினாள். கயிற்றை விட்டாள்.

வண்டி சூடேறக் காத்திருக்கையில்
செலரியைக் கடித்தேன்.
முன்கண்ணாடி முழுக்க உறைபூ.
வாய்க்குள் ஏரி பிளந்தது, நல்ல சத்தம்.
சம்மதம் எழுதியவள்
எத்தனை நாள் வாசலைப் பார்த்திருப்பாள்?
ஹெல்வியைக் கேட்க மறந்துவிட்டேன்.
வியாழக்கிழமை மறுபடி காட்சி.
எதற்கும் ஒரு கட்டு வாங்கிவைக்க வேண்டும்.